புரொபேட்: உயில் மெய்ப்பிதழ்

“உயிலைப் புரொபேட் பண்ணிட்டீங்களா?” சென்னையில் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ இருக்கும் வீட்டை விற்கப் போகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தவறாமல் எதிர்கொண்டிருப்பார்கள். உயிலை ரிஜிஸ்டர் செய்வதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. பதிவு சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது, அதுவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்திட்ட உயிலும் செல்லும். புரொபேட் என்பது உயில் எழுதியவர் காலமான பிறகு நீதிமன்றத்தில் பெறுவது.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் தரும் இலக்கணத்தை எளிய தமிழில் சொன்னால், தகுதியுள்ள நீதிமன்றம் முத்திரையிட்டுச் சான்றளித்த உயிலின் நகலும், இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் உரிமையும் சேர்ந்ததே புரொபேட். வெறும் அனுமதிச் சீட்டு அல்ல. “இதுதான் அவர் எழுதிய கடைசி உயில், சட்டப்படி எழுதப்பட்டது” என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதற்கான சான்று.

சொல்லின் வேர் லத்தீன். ‘புரொபாரே’ என்றால் சோதித்து மெய்யென்று காட்டுதல். ஆங்கிலத்தின் ‘புரூவ்’, ‘புரூஃப்’ ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவை. அச்சகத்தில் ‘புரூஃப்’ பார்ப்பதைத் தமிழில் மெய்ப்புப் பார்த்தல் என்கிறோம். அந்த மெய்ப்புதான் இங்கேயும் வருகிறது. மெய்ப்பித்துப் பெறும் இதழ், அதாவது ஆவணம், மெய்ப்பிதழ். சட்டத் தமிழில் ‘உயில் மெய்ப்பிதழ்’, ‘விருப்புறுதி மெய்ப்பிதழ்’ என்ற வழக்குகள் உண்டு. ‘நிரூபணம்’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். அது நிரூபிக்கும் செயலை மட்டும் சொல்கிறது, கையில் கிடைக்கும் ஆவணத்தைச் சொல்வதில்லை. அதனால் மெய்ப்பிதழே பொருத்தமான சொல். ‘உயில்’ ஆங்கில ‘வில்’லிலிருந்து வந்ததுதான், ஆனால் தமிழ் நாக்கு அதை முழுக்கத் தன்வயப்படுத்திவிட்டது. அதை மாற்ற வேண்டிய தேவை இல்லை. இலங்கைத் தமிழில் ‘மரண சாசனம்’ என்பார்கள்.

இங்கிலாந்தில் உயிலை மெய்ப்பிக்கும் வேலை நெடுங்காலம் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. 1857-இல் இயற்றப்பட்ட சட்டம்தான் அதை எடுத்துப் பொது நீதிமன்றத்திடம் கொடுத்தது. நம் ஊருக்கு அந்த வழக்கம் கம்பெனிக் காலத்து நீதிமன்றங்கள் வழியாக வந்தது. 1870-இன் இந்து உயில்கள் சட்டம் வங்காளத்தையும், சென்னை, பம்பாய் நகரங்களையும் மட்டும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. அதன் நிழல் 1925 சட்டத்தின் 57, 213 பிரிவுகளில் அப்படியே விழுந்தது. மயிலாப்பூர் வீட்டை ஓர் இந்து உயிலில் எழுதினால், மெய்ப்பிதழ் இல்லாமல் அந்த உயிலைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை நாட்ட முடியாமல் இருந்தது. மதுரையில் இருந்துகொண்டு மதுரை வீட்டை எழுதினால் அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. முஸ்லிம்களுக்கு 213 பொருந்தவில்லை. இந்தியக் கிறித்தவர்களுக்கு 2002-இல் விலக்கு வந்தது. ஒரே மாநிலத்தில் ஊருக்கு ஒரு விதி, மதத்துக்கு ஒரு விதி என்று இருந்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்க, திருத்தச் சட்டம் அந்த 213-ஆம் பிரிவையே எடுத்துவிட்டது. உதவிக்கு ஆள் தேடும் குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். “சென்னைச் சொத்து, புரொபேட் இல்லாமல் ஒன்றும் நடக்காது, சட்டம் அப்படி” என்று இன்றும் ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் சட்ட மாற்றத்தை அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர். இரண்டில் எது என்றாலும் அவரிடம் உயிலைக் கொடுக்கக் கூடாது.

கட்டாயம் போனதால் மெய்ப்பிதழ் வீணாகிவிடவில்லை. விரும்புகிறவர்கள் இன்றும் பெறலாம். பிள்ளைகளில் ஒருவரை உயில் அறவே விட்டுவிட்டிருந்தால், பதிவாகாத உயில் என்றால், வாங்குகிறவரின் வக்கீல் பிடிவாதமாகக் கேட்டால், மெய்ப்பிதழ் பெறுவதே நல்லது. குறிப்பாக, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் முதியவர்கள் என்றால் தள்ளிப்போடக் கூடாது. உயிலை மெய்ப்பிக்க அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். இருவரும் காலமாகிவிட்டால் கையெழுத்தை அடையாளம் காட்டும் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும், வழக்கு நீளும். மெய்ப்பிதழ் வந்துவிட்டால் அது குடும்பத்தாரை மட்டுமல்லாமல் எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

அது எதை மெய்ப்பிக்காது என்பதும் முக்கியம். அந்தச் சொத்து அப்பாவுடையதுதானா என்ற கேள்விக்குள் மெய்ப்பிதழ் வழங்கும் நீதிமன்றம் போகாது. உயில் மெய்யா, கடைசியா, முறையாக எழுதப்பட்டதா, அவ்வளவே. பாட்டன் சொத்தை அப்பா தன் சொத்தாகக் கருதி உயில் எழுதியிருந்தால், மெய்ப்பிதழ் கையில் இருந்தாலும் பாகப்பிரிவினை வழக்கு வரத்தான் செய்யும். “புரொபேட் வாங்கிட்டா டைட்டில் கிளியர்” என்று சொல்கிற ஆலோசகர் சொல்லின் பொருளையே தவறவிட்டவர்.

குழப்பத்தைக் கூட்டுவது இதன் பக்கத்துச் சொற்கள். வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் தருவது. இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்பதைச் சொல்லும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இறங்குரிமைச் சான்றிதழ் நீதிமன்றம் தருவது. இறந்தவருக்கு வர வேண்டிய கடன், பங்கு, பத்திரம் போன்றவற்றை வசூலிக்க மட்டும், வீடு நிலத்துக்கு அல்ல. இதை வாரிசுரிமைச் சான்றிதழ் என்றும் சொல்வதால் தாசில்தார் சான்றிதழோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நடுவில் ‘உரிமை’ என்ற ஒரு சொல்தான் வேறுபாடு. பெற்றோர் உயிலே எழுதவில்லை என்றால் மெய்ப்பிதழ் என்ற பேச்சே எழாது. நாமினி பதிவான பேங்க் கணக்குப் பணத்தை நாமினி வாங்கிவிடலாம், அதற்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை. வாங்கிய பணம் யாருக்குச் சேரும் என்பது வேறு கேள்வி.

இன்னொரு சொல்லை அறிந்தால் வக்கீலின் திறத்தை ஒரே கேள்வியில் எடைபோட்டுவிடலாம். மெய்ப்பிதழ், உயிலில் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநருக்கு மட்டுமே கிடைக்கும். ‘எக்ஸிகியூட்டர்’ என்று சொல்கிறோமே, அவர்தான் நிறைவேற்றுநர். வீட்டில் எழுதிய உயில்கள் பலவற்றில் “என் காலத்துக்குப் பின் மூத்த மகளுக்கு” என்று இருக்குமே தவிர, நிறைவேற்றுநர் பெயரே இருக்காது. அல்லது குறிப்பிட்டவர் காலமாகியிருப்பார். அப்போது கேட்க வேண்டியது உயில் இணைத்த நிர்வாக உரிமை ஆணை. “உயிலில் நிறைவேற்றுநர் பெயர் இல்லை, என்ன மனு போடுவீர்கள்?” என்று கேளுங்கள். தெரிந்தவர் தயங்காமல் சொல்வார். “அதுக்கும் புரொபேட்தான்” என்பவர் போடும் மனு திரும்பும், மாதங்கள் வீணாகும்.

வக்கீலா என்பதையே முதலில் உறுதிசெய்ய வேண்டும். பத்திர ஆபீஸ் வாசலிலும் தாலுகா ஆபீஸ் வாசலிலும் “நான் எல்லாம் முடிச்சுத் தர்றேன்” என்று நிற்கும் புரோக்கருக்கு நீதிமன்றத்தில் ஆஜராக உரிமை இல்லை. அவர் யாரோ ஒருவரிடம் வழக்குக் கட்டைக் கொடுத்து நடுவில் கமிஷன் எடுப்பார், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைக் கொண்டே வழக்குகளைத் தேடலாம். அவர் பெயரில் உயில் சார்ந்த மனுக்கள் இருக்கின்றனவா, அவை முடிந்தனவா என்று பாருங்கள். செக் மோசடி வழக்கில் கெட்டிக்காரராக இருப்பவர் உயில் வழக்கிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது.

“அறுபது நாளில் புரொபேட், உத்தரவாதம்” என்ற விளம்பரத்தைக் கண்டால் விலகிவிடுங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்து வேலை பிடிக்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. அதைவிட, அந்த நாள்கணக்கை எந்த வக்கீலாலும் உறுதிசெய்ய முடியாது. மனு போட்டதும் நெருங்கிய உறவினருக்கு அறிவிப்புப் போகும், நாளிதழில் விளம்பரம் வரும். யாரும் எதிர்க்காவிட்டால் சாட்சியம் பதிந்து சில மாதங்களில் ஆணை வரலாம். ஒரே ஒருவர் கேவியட் என்னும் எதிர்ப்பறிவிப்பைப் போட்டு எதிர்த்தாலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த மனு உயில் வழக்காக, சுருக்கமாக டி.ஓ.எஸ். என்று, மாறிவிடும். பிறகு முழு விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு, ஆண்டுகள் ஆகும். இந்த இரண்டு பாதையையும் முதல் சந்திப்பிலேயே விளக்குகிறவர் நம்பத் தகுந்தவர்.

கட்டணத்தில் ஒரு கோட்டைத் தாண்ட விடாதீர்கள். “ஜெயித்தால் சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம்” என்றோ “ஜெயித்த பிறகு பங்கு” என்றோ வக்கீல் பேசக் கூடாது. பார் கவுன்சில் விதிகள் அதைத் தடுக்கின்றன. நீதிமன்றக் கட்டணம் சொத்து மதிப்பைப் பொறுத்தது, அது அரசுக்குப் போவது. வக்கீல் கட்டணம் தனி. பத்திரிகை விளம்பரம், டைப்பிங், நகல் செலவு தனி. மூன்றையும் பிரித்து எழுதி வாங்குங்கள். எதிர்ப்பு வந்து வழக்கானால் கூடுதலாக எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு உயில் எழுதிக் கொடுத்த குடும்ப வக்கீலிடமே போவதுதான் வழக்கம். அவர் சாட்சியாகவும் கையெழுத்திட்டிருந்தால் அவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள். சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர் அவர். தான் சாட்சியாக வரக்கூடிய வழக்கை வக்கீல் ஏற்கக் கூடாது என்பதும் விதிதான். நல்லவர் தாமே மறுத்து வேறொருவரைக் காட்டுவார்.

ஒப்படைக்கும் காகிதங்களில் கவனம் வேண்டும். அசல் உயில் கடைசியில் நீதிமன்றத்தில்தான் சேர வேண்டும். அதற்கு முன் கை மாறும் ஒவ்வொரு முறையும் தேதியிட்ட ஒப்புதல் எழுதி வாங்குங்கள், எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பதிவான உயில் என்றால், எழுதியவர் காலமான பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டி சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்துவைக்கலாம். வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்திடலாம். வெற்றுத்தாளிலோ வெற்று முத்திரைத்தாளிலோ கூடாது. பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தரச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், மெய்ப்பிதழ் மனுவுக்கு அது தேவையே இல்லை. வக்கீல் பிடிக்காமல் மாற்ற நேர்ந்து, பாக்கிக் கட்டணத்தைச் சொல்லி அவர் கட்டைத் தர மறுத்தால், அப்படிப் பிடித்துவைக்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லியிருக்கிறது.

அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடம் சம்மதம் வாங்கும் கட்டத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மெய்ப்பிதழ் வழங்க ஆட்சேபம் இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்று. சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் முற்றிலும் வேறு. “சும்மா என்.ஓ.சி.தான்” என்று தங்கையிடம் இரண்டாவதை நீட்டுகிறவர்கள் உண்டு. உயில் நாளைக்கு நிற்காமல் போனால் முதலாவதில் கையெழுத்திட்டவருக்குப் பங்கு மிஞ்சும், இரண்டாவதில் கையெழுத்திட்டவருக்கு மிஞ்சாது. கையெழுத்துக் கேட்கப்படுகிறவர் அதைத் தன் சொந்த வக்கீலிடம் காட்டிவிட்டே இட வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவு பாசமாகப் பேசினாலும் அவர் மனு போட்டவருக்குத்தான் வக்கீல். தனி வக்கீலுக்கு வசதி இல்லை என்பது தடையாகாது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தருகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணை அழைக்கலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.

அவசரப்படுத்துகிறவர்களுக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. இறந்த நாளிலிருந்து ஏழு நாள் கழியாமல் மெய்ப்பிதழும், பதினான்கு நாள் கழியாமல் நிர்வாக உரிமை ஆணையும் வழங்கக் கூடாது. காரியம் முடியும் முன்பே வீட்டுக்கு வந்து கையெழுத்துக் கேட்பவருக்கு அதனால் உங்களுக்கு எந்த நன்மையும் செய்ய இயலாது. அந்த நாள்களில் நீங்கள் செய்யத் தக்கது இறப்புச் சான்றிதழின் பிரதிகள் வாங்குவது, பீரோவைத் திறந்து அசல் பத்திரங்களைப் பட்டியலிடுவது, பத்திரம், பட்டா, ஆதார் மூன்றிலும் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது. இனிஷியல் ஒன்று மாறியிருந்தாலும் பிறகு தனி உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள்.

ஆணை கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று வக்கீலும் குடும்பமும் ஒதுங்கிவிடுவது பெருந்தவறு. வழங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிறைவேற்றுநர் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் மெய்ப்பிதழையே ரத்து செய்யக் காரணமாகும். அதனால் கட்டணம் பேசும்போதே இந்த இரண்டு தாக்கலும் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.