பாலைவனமும் தேரிக்காடும்

மழையற்ற பெருநிலத்துக்கு நாம் எழுதும் ‘பாலைவனம்’ என்ற சொல்லில் பாலை தமிழ், வனம் வடசொல். பாலை என்பது பால் வடியும் ஒரு மரத்தின் பெயர். குறிஞ்சிச் செடி, முல்லைக் கொடி போலவே இந்த மரத்தின் பெயரும் திணைக்கு ஆகிவந்தது. ஆனால் தொல்காப்பியம் தெய்வம் வகுத்துச் சொல்லும் நிலங்கள் நான்கே. அவற்றில் பாலை இல்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து ‘பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்கிறது சிலப்பதிகாரம். அதாவது நம் பாலை கோடை போட்ட வேடம். நல்ல மழை ஒன்று பெய்தால் கலைந்துவிடும்.

சிலி நாட்டின் அட்டகாமா அப்படிக் கலைவதன்று. கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடர் ஈரக்காற்றை மறிக்க, மேற்கே குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மேகத்தை மழையாகத் திரளவிடாமல் செய்ய, அங்குள்ள அரிக்கா நகரில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல், மழையே பதிவாகவில்லை. கடலிலிருந்து ஏறிவரும் ‘கமஞ்சாக்கா’ என்னும் மூடுபனியை வலைகட்டிப் பிடித்து, இழையில் கோத்த துளிகளை வடித்தே சில இடங்களில் தண்ணீர் சேர்க்கிறார்கள். இத்தகைய நிலத்தை ‘மீவறட்பாலை’ என்று பிரித்துச் சொல்வது தகும்.

இனி, மரமில்லாத இடத்துக்கு வனம் எதற்கு என்று கேட்பவர்கள் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் ஒருமுறை வரவேண்டும். 1986 வரை திருநெல்வேலி மாவட்டமாக இருந்த அந்தச் செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர், ஊர்வாயில் ‘தேரிக்காடு’. தென்மேற்குக் காற்று குவித்த மணல். மணிகளின் மேல் படிந்த இரும்புத் துருவே அந்தச் சிவப்பு. நண்பகலில் வெறுங்காலோடு பத்தடி நடக்க முடியாது. பனைகள் பாதி புதைந்தும் ஓலை விரித்து நிற்கும். அந்த மணலுக்கு நடுவிலேதான் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனையும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் காடு என்றால் மரம் அடர்ந்த இடம் மட்டுமன்று. கரிசக்காடு, பருத்திக்காடு என்போம். ‘அம்மா காட்டுக்குப் போயிருக்கா’ என்றால் புஞ்சைக்குப் போயிருக்கிறாள் என்று பொருள்.

ஆகவே குறை பாலையை அடுத்து நிலப்பெயர் ஒன்றைச் சேர்த்ததில் இல்லை; காடு தாங்கும் இந்த அகலத்தை வனம் தாங்காததில்தான் இருக்கிறது. ‘பாலைக்காடு’ பொருத்தமே, பாலக்காட்டோடு குழம்பும் என்பதைத் தவிர. பாலை வழியைக் குறிக்கும் ‘சுரம்’ பழைய சொல்தான். ஆனால் செங்கோட்டைக்கு அப்பால் மலையாளத்தில் அது கணவாயாகிவிட்டது, இங்கோ காய்ச்சலையும் நினைவூட்டும். தனியாகப் ‘பாலை’ என்றே எழுதினால் போதும் என்பது என் கருத்து. சகாராவிலேகூட மணல் மூடிய பரப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். எஞ்சியது பெரும்பாலும் கல்லும் சரளையும். அந்த மணற்பங்கைத் தேரி என்றும் முழு நிலத்தைப் பாலை என்றும் வேறுபடுத்தி எழுத நம்மிடம் சொல் இருக்கிறது.