ஸ்பால்: அடி இந்தப் பக்கம், பொருக்கு அந்தப் பக்கம்

பாறைப் பலகையின் ஒரு முகத்தில் வெடிமருந்தை ஒட்டி வெடித்தால், சில சமயம் மறுமுகத்திலிருந்து தட்டையாக ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு தெறிக்கும். இடையிலுள்ள கல் அவ்வளவாகச் சேதப்படாமலும் இருக்கலாம். இந்தத் துண்டுதான் ஆங்கிலத்தில் ஸ்பால். இப்படிப் பெயர்வது ஸ்பாலிங் அல்லது ஸ்பாலேஷன்.

சொல் பழையது. இடைக்கால ஆங்கிலத்தில் சில்லு என்றே பொருள். அணு இயற்பியலார் பிற்பாடு இதைக் கடன் வாங்கி, வேகத் துகள் மோதி அணுக்கரு துணுக்குகளை உதிர்ப்பதற்கும் ஸ்பாலேஷன் என்றார்கள்.

சரி, ஏன் மறுபக்கம் உடைகிறது? மேசையில் ஐந்தாறு நாணயங்களை ஒட்டி வரிசையாக வைத்து, ஒரு முனையில் இன்னொரு நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள். கடைசி நாணயம் மட்டும் ஓடும். நடுவில் உள்ளவை ஏறக்குறைய அப்படியே நிற்கும். பாறையிலும் அதே கதைதான். அதிர்ச்சி அலை கல்லை அமுக்கியபடி, கருங்கல்லில் நொடிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. மறுமுகத்துக்கு அப்பால் தள்ளக் கல் இல்லை. எனவே அமுக்கம் இழுவிசையாகப் புரண்டு உள்ளே திரும்புகிறது. அமுக்கத்தை அசராமல் தாங்கும் கல், இழுத்தால் அதில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கே விட்டுவிடும். முகத்துக்கு இணையாகப் பிளந்து, ஓர் அடுக்கு கழன்று பறக்கிறது. 1914-இல் பெர்ட்ரம் ஹாப்கின்சன் எஃகுத் தகட்டில் வெடிமருந்தை வைத்து இதைச் செய்து காட்டினார்.

மெதுவாக இழுத்தால் இருப்பதிலேயே நலிந்த விரிசல் ஒன்று வளர்ந்து கல்லை இரண்டாக்கும். அலையோ அதற்கு அவகாசம் தராது. பல விரிசல்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். வேகம் கூடக்கூடத் துண்டுகள் சிறுத்துப்போவது அதனால்தான்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'சிதறல்' எல்லா உடைப்புக்கும் பொதுவாகிவிடும். 'செதில்' அழகான சொல்தான், ஆனால் செதுக்கும்போது செதில் உளி பட்ட பக்கத்தில் அல்லவா வருகிறது! என் ஓட்டு 'பொருக்கு'க்கு. காய்ந்த புண்ணிலும் வறண்ட சேற்றிலும் மேலாக எழும்பிக் கழன்று வரும் அடுக்கு அது. ஆங்கிலப் பொறியாளர்களும் இதே உடைப்பை ஸ்காபிங் என்பதுண்டு. ஸ்காப் என்றால் புண்ணின் பொருக்கேதான். ஆக, துண்டு பொருக்கு, நிகழ்வு பொருக்குப் பெயர்வு.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: நிலாவில் பெரிய மோதல் நிகழ்ந்தபோது, மேற்பரப்பிலிருந்து பொருக்குப் பெயர்ந்து நொடிக்கு 2.4 கி.மீ.க்கு மேல் வேகமெடுத்த கற்களில் சில பூமிக்கு வந்து சேர்ந்தன. உறுத்தவில்லை.