ஓடையில் மீன் செத்து மிதந்தால்: மலையகத்தில் எந்தச் சட்டம், யாரிடம் போவது?

விடியற்காலையில் பீலிக்கரைக்குப் போகிறவர்கள் கண்ணில்தான் முதலில் படும். மடுவின் ஓரத்தில் வெள்ளை வயிறு தெரிய மீன்கள் ஒதுங்கிக் கிடக்கும். பெரும்பாலும் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். மாலையில் திரும்பும்போது நரியும் காகமும் எல்லாவற்றையும் முடித்திருக்கும். அதற்குப் பிறகு கொடுக்கும் முறைப்பாடு பொலிஸ் புத்தகத்தில் ஒரு வரியோடு நின்றுவிடும். சட்டம் இல்லை என்பதல்ல காரணம். சட்டங்கள் நாலைந்து உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகத்தில் கிடக்கிறது. சாட்சியமோ முதல் ஓரிரு மணி நேரத்துக்குத்தான் நிற்கும்.

ஓடை யாருடையது என்பதில் தெளிவு வேண்டும். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, கம்பனிகள் அதை நீண்டகாலக் குத்தகைக்கே வைத்திருக்கின்றன. பொது நீரோடையின் நீர் மீதான கட்டுப்பாடு 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிக் கட்டளைச் சட்டப்படி அரசிடம் இருக்கிறது. ஆகவே “தோட்டத்து விஷயம், துரையிடம் சொல்லுங்கள்” என்று யாராவது திருப்பி அனுப்பினால் அதோடு நின்றுவிட வேண்டாம்.

மீன் பிடிக்க விஷம், வெடி, மயக்கப் பொருள் போடுவதை 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின் 27 ஆம் பிரிவு தடுக்கிறது. பெயரில் கடல் இருந்தாலும் ஆறு, ஓடை, குளம் எல்லாம் அதற்குள் அடங்கும். பூச்சிமருந்து, குளோரின் தூள், தோட்டா மட்டுமல்ல, பழைய வழக்கமான மருக்காரைக் காயை இடித்துக் கரைப்பதும் இதில் வரும். அந்த நோக்கத்தோடு பொருளைக் கையில் வைத்திருப்பதும் குற்றம். விஷத்தில் செத்த மீன் என்று தெரிந்தே வாங்குவதும் விற்பதும் குற்றம். வலைக்கும் தனி விதிகள் உண்டு: தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழையால் ஆனது) தடைசெய்யப்பட்டது, நீர்த்தேக்கங்களில் செவுள் வலையின் கண் இழுத்துப் பிடித்த அளவில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களில் தொழில் செய்பவர்கள் இதற்கான விளக்கத்தைத் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

இரண்டாவது சட்டம் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இதன் அட்டவணையிலுள்ள மீன்களைப் பிடிப்பதோ வைத்திருப்பதோ எந்த ஓடையில் நடந்தாலும் குற்றம்தான், சரணாலயத்துக்குள் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. இலங்கையின் நன்னீர் மீன் இனங்கள் நூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் பாதிக்கு மேல் இந்தத் தீவில் மட்டுமே வாழ்பவை. மகாவலியின் மேற்பகுதியில் பாறைகளுக்கிடையே வேகமாக ஓடும் நீரில் பாசி மேயும், சிங்களத்தில் ‘கடயா’ எனப்படும் லேபியோ ஃபிஷரி அவற்றில் ஒன்று. நக்கிள்ஸ் பக்கத்துச் சில ஆறுகளில் மட்டும் காணப்படும் மார்டன்ஸ்டைன் கெண்டை இன்னொன்று. இப்படிப்பட்ட மீனுக்கு ஒரு மடுவே ஊர், அங்கே ஒரு முறை மருந்து கலந்தால் பக்கத்து ஓடையிலிருந்து ஏறி வர நீர்வீழ்ச்சியும் அணைக்கட்டும் விடுவதில்லை.

மூன்றாவது, மீன் பிடிக்கும் எண்ணமே இல்லாமல் வரும் விஷம். மலையகத்தில் அதுதான் அதிகம்: மருந்து டாங்கியை ஓடையில் கழுவுவது, வெறும் போத்தலை வீசுவது, மரக்கறித் தோட்டத்து வடிகால், தொழிற்சாலைக் கழிவு. இவை 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்குள் வரும், பொறுப்பு மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு. பட்டியலிடப்பட்ட தொழிற்சாலைகள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். 2008 இல் வர்த்தமானியில் வந்த நியமப்படி, உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசன் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கும் நீரில் தொங்கும் திண்மங்கள் 50 மில்லிகிராமுக்கும் மேற்படக்கூடாது.

இனி அந்த முதல் இரண்டு மணி நேரம்.

முதலில் எது கொன்றது என்று பாருங்கள். மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, வெயில் ஏறியதும் தெளிந்துவிட்டால் அது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு. இரவில் பாசியும் தண்ணீரில் இருக்கும் ஒட்சிசனைச் சுவாசித்துத் தீர்ப்பதால் விடியும் நேரத்தில்தான் அளவு மிகக் குறையும். கழிவு கலந்த தேங்கிய நீரில் இது நடக்கும். அடியில் கிடக்கும் மீன், நண்டு, இறால், பூச்சி என எல்லாம் ஒரே நேரத்தில் செத்திருந்தால் மருந்தைச் சந்தேகியுங்கள். பைரித்ரொயிட் வகைப் பூச்சிமருந்துகளில் மீனுக்கு முன்னே இறாலும் நீர்ப்பூச்சியும் போய்விடும். ஆகவே கல்லைப் புரட்டிப் பார்ப்பது மீனை எண்ணுவதைவிட அதிகம் சொல்லும். முதுகெலும்பு முறிந்து, வயிற்றுக்குள் இரத்தம் கட்டி, காற்றுப்பை கிழிந்திருந்தால் வெடி.

அடுத்தது தண்ணீர். ஓடை வினாடிக்கு அரை மீற்றர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் விஷம் 1.8 கிலோமீற்றர் கீழே போயிருக்கும். மீன் கிடக்கும் இடத்தில் அள்ளிய நீர் பரிசோதனையில் சுத்தமாக வருவது இதனால்தான், பலர் ஏமாறும் இடமும் இதுதான். மூன்று இடத்தில் எடுங்கள்: மீன்கள் உயிரோடிருக்கும் மேற்பகுதி, செத்துக் கிடக்கும் இடம், கீழே நீர் தேங்கும் மடு. கீழிருந்து தொடங்கி மேலே போனால் நீங்கள் கலக்கிய சேறு அடுத்த மாதிரியில் சேராது. கையுறை போட்டு, நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலில் நிரப்புங்கள். பிளாஸ்திக்கில் சில மருந்துகள் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் படாமல் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறையவிட்டால் போத்தல் வெடிக்கும். மீனை மறுபக்கமாகச் செய்ய வேண்டும்: செவுள் இன்னும் சிவப்பாக இருக்கும் நாலைந்தை அலுமினியத் தாளில் சுற்றி உறைய வையுங்கள். வெளிறி அழுகியது ஆய்வுக்கு உதவாது. செத்த மீனை யாரும் சமைக்கவோ நாய்க்குப் போடவோ வேண்டாம், கீழே அந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கும் லயங்களுக்கும் உடனே சொல்லுங்கள்.

நீங்கள் எடுத்த போத்தலை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் எளிதில் மறுக்கும், ஏனெனில் அது யார் கையில் எப்படி வந்தது என்பதற்கு முத்திரையில்லை. உத்தியோகத்தரை இடத்துக்கு வரவழைத்து அவர்களே மாதிரி எடுக்கச் செய்வதற்குத்தான் அது துணை. ஆகவே வெடி, விஷமென்றால் 119 க்கும், கழிவென்றால் சுற்றாடல் அதிகார சபையின் 1981 க்கும், பாதுகாக்கப்பட்ட மீனென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 க்கும் அழைத்துவிட்டு மாதிரி எடுக்கத் தொடங்குங்கள். திகதி, நேரம், இடம் தெரியும் படங்கள் வேண்டும். வெற்று மருந்துப் போத்தல் கிடந்தால் தொடாமல் லேபலைப் படம் எடுங்கள்.

பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கலாம், தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் மொழி பற்றிய அத்தியாயம் தருகிறது. சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்தும் வரை கையெழுத்து வைக்காதீர்கள். புத்தகத்தின் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளே பிரதேச செயலாளருக்கும் சுற்றாடல் அதிகார சபைக்கும் அந்த இலக்கத்தோடு பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள்.

பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தொழிற்சாலையின் அனுமதிப்பத்திரம், கடைசிக் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கை என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். “ஏன் நடவடிக்கை இல்லை?” என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் (மேன்முறையீட்டைப் பார்க்க அந்த நிறுவனத்தில் நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு செய்யலாம். மாசு தொடர்ந்து வந்தால் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லை என்று நீதவானிடம் கட்டளை கேட்கலாம்.

சிறு நீர்மின் திட்டங்கள் பற்றி ஒன்று. “ஆற்றிலிருந்து 60 மீற்றருக்குள் எதுவும் கட்டக்கூடாது” என்று மேடைகளில் சொல்வது பாதி உண்மை. 1993 யூன் 24 ஆம் திகதிய 772/22 ஆம் இலக்க வர்த்தமானி சொல்வது வேறு: தன் போக்கில் எந்த இடத்திலாவது 25 மீற்றருக்கு மேல் அகலமான பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள், பட்டியலிலுள்ள திட்டங்களுக்கு அளவு எதுவானாலும் சுற்றாடல் அங்கீகாரம் தேவை. வழக்கமாக 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையத்துக்கே அது வேண்டும், இங்கே ஒரு மெகாவாற்றுக்கும் வேண்டும். உங்கள் பக்கத்தில் ஆறு ஒடுங்கியிருப்பது விலக்கல்ல. திட்டத்தின் முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அப்போது கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி, தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட பாறைப்பகுதியில் பெப்ரவரி, மார்ச்சு வறட்சியில் எவ்வளவு நீர் விடப்படும், அதை யார் அளப்பார்கள் என்பதே.

வீட்டுத் தொட்டியில் பெருத்துப்போன டாங்கி கிளீனர், கப்பி போன்ற அலங்கார மீன்களை ஓடையில் விடாதீர்கள். அவற்றை வளர்க்க முடியாதவர்கள் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.