துறுகல்லேற்றம் (பவுல்டரிங்)

கயிறும் இடுப்புவாரும் இல்லாமல் தாழ்வான பாறையில் ஏறும் விளையாட்டு பவுல்டரிங். உயரம் பெரும்பாலும் 4, 5 மீட்டர்தான். கீழே தடித்த மெத்தை, காலில் இறுக்கமான ரப்பர் காலணி, விரல்களில் மெக்னீசியம் கார்பனேட் தூள். செய்திகளில் இதை ‘மலையேற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இதில் சிகரமும் இல்லை, முகாமும் இல்லை.

‘பவுல்டர்’ ஸ்காண்டிநேவிய வழிவந்த சொல் என்பர். ஸ்வீடிய வட்டார வழக்கில் இதன் உறவுச்சொல் ஓடையில் கிடந்து நீரை இரையவைக்கும் பெருங்கல்லைக் குறிக்கும். தமிழில் நேர்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். குறுந்தொகையின் 47ஆம் பாட்டில், வேங்கைப்பூ உதிர்ந்த ‘துறுகல்’ புலிக்குட்டிபோலத் தோன்றுகிறது. புலிக்குட்டியென மயங்கவைக்கும் கல், மலையல்ல! ஆகவே துறுகல்லேற்றம். கடினமாகப் பட்டால் ‘பாறாங்கல் ஏற்றம்’ எனலாம்.

ஏறும் தடத்தை ஆங்கிலத்தில் ‘ப்ராப்ளம்’ என்பார்கள். அதைப் ‘பிரச்சினை’ என்று பெயர்த்தால் கெட்டது. ‘புதிர்’ என்பதே பொருந்தும். எந்தப் பிடிக்கு எந்தக் கை, குதிகாலை எங்கே கொக்கியாக மாட்டுவது என்ற வரிசை பிசகினால், பலம் இருந்தும் கீழே விழ வேண்டியதுதான்.

பெண்களின் சாதனைகளை எழுதும்போது அதிகம் தடுக்குவது ‘முதல் ஏற்றம்’ என்ற சொல். ஒரு புதிரை உலகில் முதலில் முடிப்பது முதல் ஏற்றம். ‘பெண்களில் முதல் ஏற்றம்’ வேறு. ஜப்பானின் ஹியெய் மலையிலுள்ள ‘ஹொரைசன்’ புதிரை முதலில் முடித்தவர் டாய் கோயமாடா. 2016இல் அஷிமா ஷிராய்ஷி செய்தது இரண்டாம் ஏற்றம். ஆனால் வி15 என்ற கடின நிலையை எட்டிய முதல் பெண் அவரே. அப்போது வயது 14.

‘வி’ என்பது அமெரிக்கப் பாறையேறி ஜான் ஷெர்மனின் பட்டப்பெயரான வெர்மினிலிருந்து வந்த கடின அளவு. வி15, பிரான்சின் ஃபாண்டன்புளூ அளவில் 8சி. இது ஏறியவர்களின் கணிப்பு, அளவுகோல் வைத்து அளந்ததல்ல. கொலராடோவின் ‘பாக்ஸ் தெரபி’யை 2023இல் கேட்டி லாம்ப் ஏறியபோது அது வி16, சில மாதங்களில் அதையே ஏறிய புரூக் ராபூட்டு வி15தான் என்றார். எனவே ‘வி16 எனக் கணிக்கப்பட்ட’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

போட்டிப் புதிர்களுக்கு இந்த எண்ணை ஒட்டக் கூடாது. அவை அன்றைக்கென அமைக்கப்படுபவை. இறுதிச் சுற்றில் ஒன்றுக்கு 4 நிமிடம்தான். 2019இல் பவுல்டரிங் உலகக் கோப்பையின் ஆறு போட்டிகளையும் வென்ற ஸ்லோவேனிய வீராங்கனை யான்யா கார்ன்பிரெட்டின் சாதனையை ‘ஆறுக்கு ஆறு’ என்று சொல்லலாம், வி-எண்ணால் சொல்ல முடியாது.