மேசை மேல் ஆறு வினாடி

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் இழுத்து நீட்டும் ஏரியல் இருக்குமே, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் வீட்டில் அப்படிப் பதினாறு ஏரியல்கள் மரக்கட்டைகளில் நட்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் காந்தம், காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு போர் விமானம். ஏரியலை இழுத்தால் விமானம் மேலே போகும், அழுத்தினால் கீழே வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் கொலு என்றுதான் நினைக்கிறார்கள். உண்மையில் அது மேசை மேல் ஆட நான் உருவாக்கிய ஒரு வான்சண்டை ஆட்டம்: 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு வானம்.

அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகுமோ தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குள் வந்த ஜப்பானியக் கடற்படை, நூற்றிருபதுக்கும் மேற்பட்ட விமானங்களைக் கொழும்பு மீது அனுப்பியது. முந்தின நாளே பெர்ச்சால் என்ற கனடா விமானி கேட்டலினா என்ற, நீரில் இறங்கும் விமானத்திலிருந்து அந்தக் கப்பல்களைப் பார்த்துச் செய்தி அனுப்பியிருந்தார். அவரைச் சுட்டு வீழ்த்திச் சிறைப்பிடித்தும்விட்டார்கள். அப்படித் தகவல் கிடைத்திருந்தும், கொழும்பை அடுத்த ரத்மலானை விமானத்தளத்தில் நின்ற பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்கள் எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் ஓடுதளத்தை விட்டுக் கிளம்பின. நகரத்துக்குள் குதிரைப் பந்தயத் திடலை அவசர அவசரமாக விமானத்தளமாக்கி (இப்போது அங்கே ரக்பி ஆடுகிறார்கள்) அங்கே 258ஆம் படைப்பிரிவை வைத்திருந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய 14 ஹரிக்கேன்களில் 9 விழுந்தன.

இதை எப்படி ஒரு மேசை மேல் கொண்டுவருவது?

முதலில் ஒரு சுற்று எத்தனை வினாடி, ஒரு கட்டம் எத்தனை மீட்டர் என்று முடிவு செய்ய வேண்டும். வாய்க்கு வந்ததை வைத்தால் பின்னால் எல்லாமே இடிக்கும். நான் 6 வினாடி, 100 மீட்டர் என்று வைத்திருக்கிறேன், கட்டங்கள் அறுகோணம். மணிக்கு 360 கிலோமீட்டரில் போகும் விமானம் வினாடிக்கு 100 மீட்டர் போகிறது, ஆக ஒரு சுற்றில் ஆறு கட்டம். அது 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் விமானியின் உடம்பு இரண்டு மடங்கு கனக்கும். அந்தத் திருப்பத்தின் ஆரம் எவ்வளவு என்றால், வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் சாய்வுக் கோணத்தின் டான் மதிப்பாலும் வகுக்க வேண்டும். சுமார் 590 மீட்டர் வரும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலால் என்ன பயன் என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான்! அந்த வட்டத்தில் ஆறு வினாடி போனால் விமானத்தின் மூக்கு ஏறக்குறைய 58 டிகிரி திரும்பியிருக்கும். அறுகோணத்தில் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு 60 டிகிரி. ஆக, "ஆறு கட்டம் நேராகப் போனால் ஒரு பக்கம் திரும்பலாம்" என்று ஒரே வரியில் விதி எழுதி முடித்துவிடலாம், ஆடுகிறவர் டான் பக்கமே போக வேண்டியதில்லை.

இப்போது அதே விமானம் மணிக்கு 540 கிலோமீட்டரில் வருகிறது என்று வையுங்கள். வேகம் ஒன்றரை மடங்கு, ஆனால் ஆரம் வர்க்கத்தில் ஏறுவதால் இரண்டேகால் மடங்கு, 1,300 மீட்டருக்கு மேல். ஒரு பக்கம் திரும்ப 14 கட்டம் வேண்டும், சுற்றுக்கு ஒன்பது கட்டம் போகும் விமானம் அதற்குள் எதிராளியைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லோரும் முதல் ஆட்டத்தில் வேகமாகப் போனால் ஜெயிக்கலாம் என்று நினைத்து, மேசை விளிம்பில் போய் நின்றுகொண்டு விழிப்பார்கள்.

சரி, அந்த வேகத்தை என்னதான் செய்வது? உயரமாக மாற்றிக்கொள்ளலாம். காற்றின் இழுவையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், 540இலிருந்து 360க்கு வேகத்தைக் குறைக்கும் விமானம் அதற்கு ஈடாக 630 மீட்டருக்கு மேல் ஏறிவிடலாம். இறங்கும்போது அதே அளவு வேகம் திரும்பக் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு விமானத்துக்கும் வேகமும் உயரமும் எழுதிய ஒரு சீட்டு உண்டு, கடைக்காரர் பற்று வரவு எழுதுவது மாதிரி சுற்றுக்குச் சுற்று எழுதிக்கொண்டே போக வேண்டும். நெருக்கித் திரும்பினால் இழுவை கூடும், இரண்டு புள்ளி வேகம் செலவு. எஞ்சின் ஒரு புள்ளியைத் திருப்பித் தரும்.

இறக்கையின் ஒரு சதுர மீட்டர் எத்தனை கிலோவைத் தாங்குகிறது என்பதைப் பொறுத்து இந்தச் செலவு விமானத்துக்கு விமானம் மாறும். ஜப்பானின் ஜீரோ போர் விமானத்துக்குச் சுமார் 107, இரண்டாம் ரக ஹரிக்கேனுக்குச் சுமார் 145. ஜீரோவோடு மெதுவாக வட்டமடித்துச் சண்டை போட்டால் கதை முடிந்தது. ஆனால் ஜீரோவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. 1942 ஜூனில் அலாஸ்காவை ஒட்டிய அக்குட்டான் தீவில் சதுப்பில் கவிழ்ந்த ஒரு ஜீரோவை அமெரிக்கர்கள் மீட்டுப் பழுது பார்த்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். வேகம் கூடக்கூட அதன் பக்கச் சாய்வுக் கட்டுப்பாடு கல்லாக இறுகியது, இடப்பக்கம் உருளுவது போல வலப்பக்கம் உருளவில்லை, மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எஞ்சின் இருமியது. மூன்றுமே என் விதிகளில் இருக்கின்றன.

சுடுவது இன்னும் கடினம். 200 மீட்டர் தூரத்தில் குறுக்கே பறக்கும் விமானத்தை நோக்கிச் சுட்டால், குண்டு போய்ச் சேருவதற்குள் அது கிட்டத்தட்ட 28 மீட்டர் நகர்ந்துவிடும், அதாவது மூன்று ஜீரோக்களை வரிசையாக நிறுத்திய நீளம். குறுக்கே சுட இரண்டு பகடையில் 11 அல்லது 12 விழ வேண்டும், 36இல் 3 வாய்ப்பு. வாலுக்குப் பின்னாலிருந்து 7க்கு மேல் எது விழுந்தாலும் போதும், 36இல் 15. ஜீரோவின் 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுதான், ஏழு வினாடி அழுத்தினால் காலி, என் கணக்கில் ஒரே ஒரு சுற்றுதான்.

இதெல்லாம் எழுதி, ஹரிக்கேன் நான்கு, ஜீரோ நான்கு என்று சமமாக நிறுத்தி ஆடிப் பார்த்தோம். ஹரிக்கேன் மூன்று முறை ஜெயித்தது. அண்ணன் மகன் விதியைப் படித்துவிட்டு, "சித்தப்பா, ஜீரோவை ரொம்ப மட்டம் தட்டிட்டீங்க" என்றான். நானும் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது: தப்பு எண்ணில் இல்லை, ஏரியலில். இரண்டு தரப்பையும் 3,000 மீட்டரில் நிறுத்தியிருந்தேன். அன்று காலை ரத்மலானையில் அப்படியா இருந்தது? ஹரிக்கேன் நிமிடத்துக்கு 800 மீட்டர் ஏறும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 600 மீட்டரிலிருந்து ஜீரோக்களின் உயரத்தைத் தொட மூன்று நிமிடம், அதாவது 30 சுற்று. ஆட்டமே பத்துச் சுற்றில் முடிந்துவிடுகிறது.

ஹரிக்கேன்களின் ஏரியலை அழுத்திக் கீழே இறக்கி, வேகத்தை நான்கு கட்டமாகக் குறைத்து மறுபடி ஆடினோம். விதியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. நான்கில் மூன்று போயின. எந்த விமானம் சிறந்தது என்று நாள் கணக்கில் வாதாடுகிறவர்களை அதற்குப் பிறகு நான் கண்டுகொள்வதில்லை, யார் எந்த உயரத்தில் ஆரம்பித்தார்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

யார் முதலில் நகர்வது என்பதிலும் நிறைய இருக்கிறது. சதுரங்கத்தில் முதலில் நகர்பவருக்கு லாபம், இங்கே நஷ்டம், ஏனென்றால் பிறகு நகர்பவர் நீங்கள் போன இடத்தைப் பார்த்துவிட்டு நகர்கிறார். அதனால் வாலில் எதிரி ஒட்டியிருப்பவர் முதலில், எதிரியைப் பார்க்கவே பார்க்காதவர் அதற்கும் முதலில், அதுவும் நேர்கோட்டில் மட்டும்.

ஆட்டம் சரியா என்று எதை வைத்துச் சோதிப்பது? அன்றைய அறிவிப்புகளை நம்பினால் மோசம் போவோம். ஜப்பானியர் கொழும்பு மீது இழந்தது ஏழு விமானம், ஒரு ஜீரோவும் 'வால்' (Val, விமானத்தின் பெயரே அது, பின்பக்க வால் அல்ல) என்ற குண்டுவீச்சு விமானங்கள் ஆறும். பிரிட்டிஷ் தரப்பு வீழ்த்தியதாகச் சொன்னதோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுவார்கள், புகை விட்டுக்கொண்டு மேகத்துக்குள் போனதை மூன்று பேரும் தன் கணக்கில் எழுதுவார்கள். அதனால் ஒரு தரப்பின் இழப்பைத் தெரிந்துகொள்ள அந்தத் தரப்பின் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும், திரும்பி வராத விமானத்தை அவர்கள்தானே எண்ணியிருப்பார்கள்.

அந்த ஆறு வால்களும் எனக்கு முக்கியமான துப்பு. ஹரிக்கேன்களில் சில ஜீரோக்களைத் தாண்டிக் குண்டுவீச்சு விமானங்களை எட்டியிருக்கின்றன என்று அர்த்தம். அதனால் வெற்றிப் புள்ளியில் ஒரு வாலுக்கு மூன்று, ஒரு ஜீரோவுக்கு ஒன்று என்று வைத்தேன், உடனே ஆடுகிறவர்கள் ஜீரோவோடு வட்டமடிப்பதை விட்டுவிட்டு மேகத்துக்குள் நுழைந்து வால்களைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். இப்போது வால்தான் பற்றாக்குறை. இரண்டு அச்சடித்து வைத்திருக்கிறேன், இன்னும் நான்கு வேண்டும், ஏரியலும் நான்கு வேண்டும்.