படியெடுத்தல்: ஏட்டிலிருந்து கலத்துக்குள் வந்த சொல்

உயிரியலில் 'ட்ரான்ஸ்கிரிப்சன்' என்பதற்குத் தமிழில் பிரதியாக்கம், நகலாக்கம், படியெடுத்தல் என்று பல சொற்கள் உண்டு. நான் படியெடுத்தலின் பக்கம்.

முதலில் பொருள். பரம்பரைச் செய்தி எழுதப்பட்ட மூலமான டி.என்.ஏ. கலத்தின் (செல்லின்) கருவுக்குள் இருக்கிறது. புரதம் கட்டும் இறைபோசோம்கள் கருவுக்கு வெளியே. மூலம் வெளியே வராது. அதனால் தேவையான பரம்பரையலகை (ஜீனை) மட்டும் பார்த்து, ஆர்.என்.ஏ. பொலிமரேசு என்ற நொதியம் தூது ஆர்.என்.ஏ. ஒன்றை எழுதுகிறது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமின் நிற்கவேண்டிய இடத்தில் யுராசில் என்ற எழுத்து நிற்கும். மற்றபடி அதே எழுத்து, அதே வரிசை. மொழி மாறுவது இறைபோசோமில்தான். அங்கே மும்மூன்று எழுத்தாக வாசித்து புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்களைக் கோப்பதை மொழிபெயர்ப்பு என்கிறோம். அந்தக் குறியீட்டின் முதற் சொல்லை நிரன்பர்க், மத்தே என்ற விஞ்ஞானிகள் 1961இல் வாசித்தார்கள்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன்: 'ட்ரான்ஸ்' என்றால் அப்பால், 'ஸ்கிரீபெரே' என்றால் எழுதுதல். ஓரிடத்தில் உள்ளதை இன்னோரிடத்தில் எழுதிவைப்பது.

சரி, பிரதி என்றால் என்ன குறை? அது வடசொல், நகல் அரபுச்சொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. கலம் பிரியுமுன் டி.என்.ஏ. முழுவதும் இரட்டிப்பதையும் பிரதி என்றே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் குழம்புவது அங்கேதான்.

படி அப்படியல்ல. பனையோலையோடு வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்கு அது பழகிய சொல். பரியாரியார் வீட்டு வைத்திய ஏட்டை இரவல் தர மனம் வராது. வேண்டியவர் அங்கேயே இருந்து, வேண்டிய பகுதியை மட்டும் எழுத்தாணியால் படியெடுத்துப் போகலாம். கருவுக்குள் நடப்பதும் அதுவே. சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும் ஏட்டுப்படிகளைத் தேடிச் சேர்த்துத்தான். போதாததற்கு, படி என்றால் வாசி என்றும் பொருள். இறைபோசோம் வாசிக்கப்போவதும் இந்தப் படியைத்தானே!

ஒரு வேறுபாடு உண்டு. ஓலையில் மூலம் செல்லரித்துப் போகும், படி நிலைக்கும். கலத்திலோ மூலம் நிலைக்கும். படி பெரும்பாலும் சில நிமிடங்களிலோ மணிகளிலோ சிதைக்கப்படும். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பார்கள். இங்கே எழுதும்போது நேர்ந்த பிழை அந்தப் படியோடு போய்விடும். அடுத்த படி மறுபடியும் மூலத்தைப் பார்த்தே எழுதப்படும்.