‘கவனக்குறைவு’ என்று எழுதுவதற்கு முன்

போன வாரம் ஓர் அம்மா தன் மகனின் கணக்கு நோட்டை என் மேசைமேல் வைத்தார். பையன் நான்காம் வகுப்பு. பக்கம் பக்கமாகக் கழித்தல். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் ஒரே வார்த்தை: கவனக்குறைவு. சில இடங்களில் ‘பத்து முறை எழுதவும்’ என்று கூடுதல் சன்மானம். இந்த மாதத்தில் என்னிடம் வரும் மூன்றாவது சிவப்பு மை நோட்டு இது. கோபம் ஆறுவதற்குள் ஆசிரியர்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதிலிருந்து மூன்று கணக்குகள்:

52 − 38 = 26
71 − 45 = 34
403 − 167 = 364

மூன்றும் தப்பு. ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கவனம் சிதறினால் தப்பும் சிதறிக் கிடக்கும். ஓரிடத்தில் 3-ஐ 8 என்று படித்திருப்பான், இன்னோரிடத்தில் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருப்பான், அடுத்தது சரியாக இருக்கும். இந்தப் பையனின் நோட்டில் அப்படி எதுவும் இல்லை. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கு அத்தனையும் சரி. கடன் வாங்க வேண்டியவை அத்தனையும் ஒரே மாதிரித் தப்பு. எது மேலே, எது கீழே என்று பார்க்காமல், பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறான். இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்ய எவ்வளவு கவனம் வேண்டும்!

“இதை எப்படிப் போட்டே? எனக்குச் சொல்லிக்கொடேன்” என்றேன்.

“ரெண்டுல எட்டு போகாது மிஸ். அதான் எட்டுல ரெண்டு.” இதுகூடத் தெரியாதா என்ற பார்வை வேறு.

இந்த விதி அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது? ‘எப்பவும் பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்’ என்று முதல் வகுப்பில் நாம் சொன்னதுதான். அன்றைக்கு நமக்கு அது வசதியாக இருந்தது. அவன் அதை மறக்காமல் வைத்திருக்கிறான், அவ்வளவே. இப்போது பத்து முறை எழுதினால் அந்தத் தப்பான வழிதான் பத்து முறை பழகும்.

கழித்தலில் மட்டுமில்லை. 8 + 4 = ☐ + 5 என்று கொடுத்துப் பாருங்கள். பல பிள்ளைகள் கட்டத்தில் 12 என்று எழுதுவார்கள். சிலர் 17. சமக்குறி என்றால் ‘இங்கே விடை எழுது’ என்று அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள். விடை எப்போதும் வலது ஓரத்திலேயே வரும்படி நாம் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் வேறு எப்படிப் புரியும்? ‘முந்நூற்று ஐந்து’ என்றதும் 3005 என்று எழுதும் பிள்ளை, 300 எழுதிப் பக்கத்தில் 5 போடுகிறது. காதில் விழுந்தபடியே எழுதுகிறது. நம் மொழியும் கொஞ்சம் விளையாடுகிறது. எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்த வரிசையில் 90 மட்டும் ‘தொண்ணூறு’, 900 ‘தொள்ளாயிரம்’. தொண்ணூற்று ஐந்தை 905 என்று எழுதிய பிள்ளையை நான் திட்ட மாட்டேன். அதில் ‘நூறு’ என்று கேட்கத்தானே செய்கிறது?

வார்த்தைக் கணக்கில் ‘அதிகம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி’ என்று சொல்லிக்கொடுப்பதை, தயவுசெய்து, இன்றோடு நிறுத்துங்கள். ‘ராணியிடம் 12 பென்சில்கள். அது கண்ணனிடம் இருப்பதைவிட 5 அதிகம். கண்ணனிடம் எத்தனை?’ உங்கள் விதிப்படி 17. கண்ணனிடம் இருப்பது 7.

அப்புறம் விரல். விரல் விட்டு எண்ணும் பிள்ளையின் கையைத் தட்டிவிடாதீர்கள். தட்டிவிட்டால் எண்ணுவது நிற்காது, மேசைக்கு அடியில் போய்விடும். உங்களுக்கு ஒரு நல்ல தடயம் போனதுதான் மிச்சம். 8 + 3-க்கு ஒன்றிலிருந்து தொடங்கி எண்ணுகிறதா, எட்டை மனதில் வைத்து ‘ஒன்பது, பத்து, பதினொன்று’ என்கிறதா என்று விரலைப் பார்த்தால்தான் தெரியும். முதல் வகுப்பில் ஒன்றிலிருந்து எண்ணுவது சாதாரணம். நான்காம் வகுப்பிலும் அதுவே தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில. மூன்று நான்கு புள்ளிகளை ஒரு கணம் காட்டி மறைத்தால், எண்ணாமல் சொல்ல முடிகிறதா? 0 முதல் 100 வரை போட்ட எண்கோட்டில் 71-ஐத் தோராயமாகவாவது சரியான இடத்தில் வைக்கிறதா? 23-லிருந்து பின்னோக்கி எண்ணும்போது இருபதைத் தாண்டுகிற இடத்தில் தடுக்குகிறதா? நேற்று வந்த வாய்ப்பாடு இன்று சுத்தமாக இல்லையா? பார்வையும் செவியும் சரிபார்த்தாயிற்றா? (இதைக் கேட்க மறந்து நானே அசடு வழிந்திருக்கிறேன்.)

இவற்றில் ஒன்றிரண்டு இருப்பதாலேயே டிஸ்கால்குலியா, அதாவது எண்களைக் கற்பதில் வரும் குறைபாடு, என்று பெயர் சூட்டிவிடாதீர்கள். குழந்தைகளில் சுமார் 3 முதல் 7 சதவீதம் பேருக்கு அது இருப்பதாகக் கணிக்கிறார்கள். முப்பது பேர் வகுப்பில் ஒருவரோ இருவரோ. அதற்கும் புத்திக்கும் முடிச்சுப் போடாதீர்கள். பொது அறிவுத்திறனில் குறை இல்லாமலேயே எண் சார்ந்த திறன் மட்டும் தடைபடலாம் என்பதை உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ்ச் 1974-லேயே எழுதிவிட்டார். மீதிப் பெரும்பாலோருக்கு இருப்பது கற்பித்தலில் விழுந்த ஓட்டை. நீங்களே அடைக்கலாம்.

அந்தப் பையனுக்கு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, “இதிலிருந்து முப்பத்தெட்டு எனக்குக் கொடு” என்றேன். மூன்று கட்டு கொடுத்தான். உதிரி இரண்டையும் கொடுத்தான். கொஞ்ச நேரம் விழித்தான். “மிஸ், கட்டைப் பிரிக்கலாமா?” கடன் வாங்குவது என்றால் என்ன என்று அவனே கேட்டுவிட்டான். அப்புறம் அதையே படமாக வரைந்தோம், அதன் பிறகுதான் இலக்கத்தில். நடுவில் வரும் அந்தப் படத்தைத்தான் பலர் தாண்டிக் குதிக்கிறார்கள். குச்சியில் சரியாகச் செய்த பிள்ளை நோட்டில் மறுபடி சறுக்குவது அங்கேதான்.

தினமும் பத்து நிமிடம், ஒரே ஒரு கருத்து. ஸ்டாப்வாட்ச் வேண்டாம். பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் வராது. இரண்டு கணக்கு போதும், ஆனால் ‘எப்படிப் போட்டே’ என்று கேளுங்கள். விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொண்டு அழிக்க ஆரம்பித்துவிடும்.

இப்படி ஆறு மாதம் விடாமல் செய்தும் நகரவில்லை என்றால் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். ‘கணக்கில் பலவீனம்’ என்று ஒற்றை வரிக் கடிதம் எனக்கு வேண்டாம். நோட்டை அனுப்புங்கள். தப்புகளை ரப்பரால் அழிக்கச் சொல்லாமல், அப்படியே.